கொடிக்கம்பத்தில் ஒரு பை

செப்டம்பரை ஜூன் ஆக்கும் பணி அன்று விடிந்ததுமே தொடங்கிவிட்டது. சினிமாக்காரர்கள் வெல்மூட்டின் வீட்டு முற்றத்தில் உதிர்ந்து கிடந்த இலைகளைக் குனிந்து குனிந்து பொறுக்கினார்கள். வேலியோரச் செடிகளில் வாடிப்போன பூக்களை நறுக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் துணிப்பூக்களைக் கட்டினார்கள். கொட்டகையில் துலிப் கிழங்குகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அவளுடைய கணவன் ஸீமிடம் ஆள்மேல் ஆளாக வந்து, இயந்திரத்தின் இரைச்சல் ஒலிப்பதிவைக் கெடுக்கிறது, சற்றே நிறுத்த இயலுமா என்று கேட்டார்கள்.

"ஜூன் மாசத்துல இந்த மெஷின் ஓடாதாம்." ஸீம் மரச்செருப்பை வாசலில் உதறிவிட்டுச் சமையலறைக்குள் வந்தான். "பொறந்ததுலருந்து கிழங்குல கெடக்கிறேன். எனக்கு ஆம்ஸ்டர்டாம்லருந்து வந்து பாடம் எடுக்கிறான்."

"ஒரு நாள் பொறுத்துக்க. கிழங்குக்கு என்ன, காலா மொளைச்சிருக்கு?" என்றாள் வெல்மூட்.

அவள் இவ்வளவு இணக்கமாகப் பேசியதைக் கேட்டு ஸீம் நிமிர்ந்து பார்த்தான். அந்த இணக்கத்துக்குக் காரணம் ஒரு பை.

பட்டாளத்துப் பச்சை நிறத்தில், தோளில் மாட்டிக்கொள்ளும் கான்வாஸ் பை. அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வடக்கு ஹாலந்தின் பாதிப் பிள்ளைகள் அதைத்தான் சுமந்தார்கள். மூடியின் உட்புறத்தில் அவள் பேனாவால் தன் பெயரை எழுதியிருந்தாள். ஒருமுறை நீரில் நனைந்ததனால் அந்த எழுத்துகள் பரவி, ஊதா நிறக் கறையாக நின்றுவிட்டன. மூன்று வாரங்களுக்கு முன்பு அவளுடைய அக்கா ஆஃப்கே, தன் நாவல் படமாவதைப் பற்றிப் பேசத் தொலைபேசியில் அழைத்து, "அந்தக் கொடிக் காட்சி ரொம்ப முக்கியம் வெல்மூட். உன் பையே இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்," என்று சொன்னபோது, வெல்மூட் மறுவார்த்தை பேசாமல் பரணில் ஏறி அதனை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

எத்தனையோ ஆண்டுகளாக அவள் எதிர்பார்த்திருந்த நியாயம் அந்தப் பைக்குள் இருப்பதாகவே அவள் நம்பினாள்.

பள்ளி இறுதித் தேர்வின் முடிவு, ஜூன் மாதத்துப் பிற்பகல் ஒன்றில், தொலைபேசி வழியாக வரும். தேறிய பிள்ளையின் வீட்டார் அக்கணமே வீட்டு முகப்பில் சாய்வாக நிற்கும் கம்பத்தில் கொடியை ஏற்றி, அதன் நுனியில் அந்தப் பிள்ளையின் பையை மாட்டிவிடுவார்கள். அதன்பிறகு அணைக்கரைச் சாலையில் செல்லும் எவரும் சைக்கிளைவிட்டு இறங்காமல் போவதில்லை. தேறியவளின் கையைக் குலுக்குவது மட்டும் போதாது. தாயிடம் "உன் மகளுக்காக வாழ்த்துகள்" என்றும், அக்காவிடம் "உன் தங்கைக்காக வாழ்த்துகள்" என்றும் சொல்லி, ஒவ்வொருவர் கையையும் தனித்தனியாகப் பற்றிக் குலுக்க வேண்டும். அதுதான் மரியாதை.

அக்காவும் தங்கையும் ஒரே ஆண்டில் அந்தத் தேர்வை எழுதினார்கள். ஏனெனில் ஆஃப்கே முந்திய ஆண்டு தேறவில்லை. முடிவு வந்த பிற்பகலில் தொலைபேசி இரண்டு தடவை ஒலித்தது. முதல் அழைப்பு ஆஃப்கேவுக்கு: மறுபடியும் தேறவில்லை. அடுத்தது வெல்மூட்டுக்கு. அப்பா கொடியை ஏற்றினார், பையை மாட்டினார். ஊர் வந்து கை குலுக்கிற்று. சிறிது நேரத்துக்குள் கம்பத்து நுனியில் பையைக் காணவில்லை. வீட்டுக்கு முன்னால் ஓடும் வாய்க்காலில் அது பாசியோடு மிதந்துகொண்டிருந்தது. ஆஃப்கேவின் காலணிகளும் காலுறைகளும் நனைந்திருந்தன. அப்பா கொக்கியால் பையை இழுத்தெடுத்தார், யாரையும் ஒரு சொல்லும் கேட்கவில்லை, கொடியையும் இறக்கிவிட்டார்.

"ஒரே வீட்டுக்குள்ள ஒருத்தி சிரிச்சுக்கிட்டும் ஒருத்தி அழுதுக்கிட்டும் இருக்க வேணாம்," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஆண்டு ஆஃப்கே தேறினாள். அவளுடைய பை சூரியன் மறையும் வரையில் தொங்கியது. அதற்குள் அப்பாவுக்கு முதுகு முடங்கி, வேலை செய்ய இயலாமல் போயிருந்தது. ஆகவே தேறியிருந்த வெல்மூட் கொட்டகையில் அமர்ந்து கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். ஆஃப்கே படிப்பதற்கு ஆம்ஸ்டர்டாம் போனாள். தனக்கென்று ஊர் முழுதும் வந்து நின்ற ஒரே ஒரு பிற்பகல் பாதியிலேயே இறக்கப்பட்டதை வெல்மூட் மறக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து, அதே வீடு தன்னுடையதான பிறகும் மறக்கவில்லை.

இரண்டு சகோதரிகளைப் பற்றி ஆஃப்கே எழுதிய அந்த நாவல் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வெளிவந்தபோது, அந்த ஊரில் அதனைப் படிக்காதவள் வெல்மூட் ஒருத்திதான். "நான் எதுக்குப் படிக்கணும்? நான்தான் அங்கயே இருந்தேனே!" என்று கேட்பவர்களிடமெல்லாம் சொன்னாள். அந்த வாக்கியம் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அடுத்த வீட்டு ஆலி அவ்வப்போது, "வெல்மூட், வாய்க்கால் பக்கம் போனா கையைக் கட்டிக்கிட்டுப் போ!" என்று கேலி செய்ததையும் அவள் பொருட்படுத்தவில்லை. ஆலி அப்படி ஏதாவது உளறுவது வழக்கம்.

காபி நேரம் முடிந்ததும் படப்பிடிப்பு தொடங்கியது. வெல்மூட்டும் ஆலியும் வேலியோரமாக, காட்சி தெரியும் சிறு திரையின் அருகில் நின்றார்கள். முகப்பில் கொடி ஏறியிருந்தது. அதன் நுனியில் அந்தப் பச்சைப் பை. அப்பாவாக நடித்தவருக்கு, அப்பாவுக்கு இல்லாத மீசை ஒன்றிருந்தது.

"ஆக்‌ஷன்!" என்றார் இயக்குநர் யோரிட்.

மீசைக்காரர் உயரமான பெண்ணைக் கட்டி அணைத்துக் கையைக் குலுக்கினார். கதையில் அவள்தான் லீஸ்பெத், மூத்தவள். ஓரத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற குள்ளமான பெண் டீனா, இளையவள். அந்த வேடத்தில் நடித்தவள் ஃபென்னா என்னும் பதினெட்டு வயதுப் பெண். எல்லோரும் உள்ளே போனதும் டீனா நாற்காலியின் மேல் ஏறினாள், பையைப் பறித்தாள், நீரோரம் ஓடி, முழு வலிமையோடு அதனை வாய்க்காலில் எறிந்தாள்.

"கட்! அருமை! இன்னொரு தடவை!"

"ஆள் மாறிப்போச்சு," என்றாள் வெல்மூட்.

"என்ன மாறிப்போச்சு?"

"பொண்ணுங்களை மாத்தி நிறுத்திட்டாங்க ஆலி. பாஸானது சின்னவ. பையைத் தூக்கிப் போட்டது பெரியவ. யார்கிட்டயாவது சொல்லணும், பாவம், மறுபடியும் எடுக்கப்போறாங்க."

ஆலி அவளை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "அடியே, நெசமாவே நீ படிக்கலையா?"

"படிக்கலன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேனே."

"நாங்க எல்லாரும் அது உன் வீம்புன்னு நெனச்சோம்டி! ராத்திரி கதவைச் சாத்திக்கிட்டுப் படிச்சிருப்பேன்னு." ஆலி குரலைத் தாழ்த்தினாள். "புத்தகத்துல ஃபெயிலாகிறதே சின்னவதான். அக்கா பாஸானது பொறுக்காம பையைக் கொண்டுபோய்த் தண்ணியில போடுறா. நான் அந்த எடத்துல அழுதுட்டேன், தெரியுமா?"

"யாருக்காக அழுத?"

"பெரியவளுக்காகத்தான். பாவம் அந்தப் பொண்ணு."

வெல்மூட்டுக்கு முதலில் கோபம் வரவில்லை. காது அடைத்தாற்போல் இருந்தது. நான்கு ஆண்டுகளாக ரொட்டிக்கடையிலும் தேவாலய வாசலிலும் தன்னைப் பார்த்து மறைந்த புன்னகைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வாய்க்கால் பக்கம் போனால் கையைக் கட்டிக்கொண்டு போ!

"ஆலி, அன்னிக்கு நீ இதே எடத்துல என் கையைக் குலுக்கின. மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்த."

"அந்தக் கோட்டு இருந்துச்சு," என்று ஆலி ஒப்புக்கொண்டாள். "கையைக் குலுக்கினேனா? எத்தனை வீட்டுல எத்தனை கை குலுக்கியிருப்பேன்! எனக்கும் மொதல்ல ஏதோ இடிச்சுது. அப்புறம் அச்சுல போட்டிருக்காங்களே, அப்ப அப்படித்தான் நடந்திருக்கும்னு விட்டுட்டேன்."

அதற்குள் பையை நீரிலிருந்து எடுத்துவந்திருந்தார்கள். படத்துக்குரிய பொருள்களைக் கவனிக்கும் பெண், தலைமுடி உலர்த்தும் கருவியால் அதனைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். மூடி விரிந்து கிடந்தது. வெல்மூட் அருகில் சென்று பார்த்தாள். ஊதாக் கறை இருந்த இடத்தில் சதுரமாக ஒரு துணி தைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் அழகிய கையெழுத்தில் 'லீஸ்பெத்' என்று எழுதியிருந்தார்கள்.

"கவலைப்படாதீங்க," என்றாள் அந்தப் பெண். "கறையா இருந்துச்சு, அதான் மறைச்சிட்டோம். குடுக்கிறப்போ பிரிச்சுக் குடுத்துடுவோம்."

"அது கறை இல்லம்மா," என்றாள் வெல்மூட். "என் பேரு."

இப்பொழுது கோபம் வந்தது. அது வந்த வேகத்தில் அவள் முற்றத்தைக் கடந்து கொட்டகைக்குள் நுழைந்ததை அவளே உணரவில்லை. ஸீம் கூடைகளுக்கு நடுவே அமர்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தான்.

"நீ அந்தப் புத்தகத்தைப் படிச்சியா?"

ஸீம் மெல்லுவதை நிறுத்தினான். "மொத வாரமே படிச்சேன்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ கேக்கல."

"ஸீம்!"

"நீ படிச்சா சண்டை வரும்னு தெரியும். அது கிழங்கு நடுற நேரம் வேற..."

"புத்தகம் வந்து நாலு வருஷம் ஆச்சு. நாலு வருஷமுமா கிழங்கு நடுற நேரம்?"

"ஒண்ணு நடுற நேரம், இல்ல தோண்டுற நேரம்," என்றான் ஸீம், பரிதாபமாக. "எப்பத்தான் நேரம் இருந்துச்சு சொல்லு?"

அவள் கூடை ஒன்றை எட்டி உதைத்தாள். கிழங்குகள் தரையெங்கும் உருண்டன. அவற்றைப் பொறுக்கக் குனிந்த கணவனை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தபோது, அணைக்கரையில் ஆஃப்கேவின் கார் வந்து நின்றது.

ஆஃப்கே நீண்ட ஆட்டுரோமக் கோட்டு அணிந்திருந்தாள். காதில் பெரிய வளையங்கள். வழக்கம்போல மூன்று முத்தங்களுக்காகக் கன்னத்தை நீட்டினாள். முதல் முத்தத்தோடு வெல்மூட் பின்வாங்கினாள். மற்ற இரண்டும் காற்றில் விழுந்தன.

"ஓ," என்றாள் ஆஃப்கே. "படிச்சிட்டியா?"

"படிக்கல. பார்த்தேன். என் முற்றத்துல, என் வாய்க்கால்ல, என் பையை வச்சு எடுத்துக் காட்டினாங்க."

இருவரும் சமையலறைக்குப் போனார்கள். வெல்மூட் கதவை அறைந்து சாத்தியதில் சுவரில் இருந்த நாட்காட்டி கழன்று விழுந்தது. யாரும் அதனை எடுக்கவில்லை.

"கதைடி அது, வெல்மூட். நாவல். நடந்ததை அப்படியே எழுதுறதுக்குப் பேரு வேற."

"ஊர் பேரை மாத்தின. நம்ம பேரை மாத்தின. அப்பாவுக்கு மீசை வச்ச. எல்லாத்தையும் மாத்தத் தெரிஞ்ச உனக்கு, தண்ணியில போட்டது யாருன்னு மட்டும் மாத்தாம எழுதத் தெரியலையா?"

"கதை சொல்றவளே தோத்துட்டு, தங்கச்சி பையைத் தூக்கிப் போட்டா, படிக்கிறவங்க அவகூட வருவாங்களா? பத்தாவது பக்கத்துலயே மூடி வச்சிடுவாங்க. அது ஒரு கட்டமைப்புப் பிரச்சனை."

"கட்டமைப்பா? அதனால என்னைத் தோக்கடிச்சிட்ட."

"டீனா நீ இல்ல."

"அப்ப அவ ஏன் கொட்டகையில உக்காந்து கிழங்கு உரிக்கிறா?"

ஆஃப்கே சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அவளை நான் எவ்வளவு அன்போட எழுதியிருக்கேன்னு உனக்குத் தெரியாது. எல்லாரும் சொல்வாங்க, அந்தப் புத்தகத்துலயே டீனாதான் மனசுல நிக்கிறான்னு. கடைசியில லீஸ்பெத் அவளை மன்னிச்சிடுறா."

வெல்மூட் காபிக் குவளையை மேசைமேல் வைத்தாள். மிகவும் நிதானமாக வைத்தாள்.

"என்ன பண்றா?"

"மன்னிச்சிடுறா. சாயங்காலம் எடுக்கப்போறது அதைத்தான். நான் வந்ததே அதைப் பார்க்கத்தான்."

"நீ என் பையைத் தூக்கித் தண்ணியில போட்டு," என்றாள் வெல்மூட், ஒவ்வொரு சொல்லாக, "என் கொடியை எறக்க வச்சு, நான் பாஸானதை நீ எடுத்துக்கிட்டு, நீ பண்ணினதை எனக்குக் குடுத்து, அதுக்கப்புறம் என்னை மன்னிக்கவும் செய்ற. அதானே?"

"இப்படிச் சுருக்கமாச் சொன்னா எந்தக் கதையும் அசிங்கமாத்தான் இருக்கும்," என்றாள் ஆஃப்கே. ஆனால் அவளுடைய கழுத்து சிவந்துவிட்டது.

பிற்பகல் சாய்ந்தது. தாழ்ந்த வெயில் வயல்களின்மேல் பொன்னாகப் பரவும் அந்தச் சொற்ப நேரத்துக்காகத்தான் யோரிட் நாள் முழுதும் காத்திருந்தார். கொடியை இறக்கிவிட்டார்கள். வெறுமையான கம்பத்தின் கீழ் இரு பெண்களும் நின்று ஒத்திகை பார்த்தார்கள். மாடிச் சன்னலின் திரைக்குப் பின்னால் நின்ற வெல்மூட்டுக்கு அவர்கள் பேசியது துல்லியமாகக் கேட்டது.

"பரவாயில்ல டீனா," என்றாள் உயரமானவள், தங்கையின் தோளில் கைபோட்டு. "உன்னால தாங்கிக்க முடியலன்னு எனக்குத் தெரியும். நான் கோபமா இல்ல."

வெல்மூட் படியிறங்கினாள். பை துணி காயப்போடும் கம்பியில் ஈரத்தோடு தொங்கிற்று. சமையலறைக் கத்தரிக்கோலால் அந்தச் சதுரத் துணியின் தையலை அறுத்துப் பிடுங்கினாள். ஊதாக் கறை அப்படியே இருந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியிலிருந்து தன் வீட்டுக் கொடியை எடுத்தாள். ஒரு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு, விளக்குகளையும் கம்பிகளையும் ஆட்களையும் கடந்து நேராக முகப்புக்கு வந்து, நாற்காலியின் மேல் ஏறினாள். சிவப்பு, வெள்ளை, நீலம் காற்றில் விரிந்தன. கம்பத்தின் நுனியில் பச்சைப் பையிலிருந்து வாய்க்கால் நீர் சொட்டியது.

யோரிட் முதலில் சிரித்தார். "அழகா இருக்கு வெல்மூட். ஆனா அந்தக் காட்சி காலையிலேயே முடிஞ்சிடுச்சு. இப்ப கம்பம் காலியா இருக்கணும்."

"முடிஞ்சுதா? எனக்கு இன்னும் முடியலையே."

"புரியல."

"நான் பாஸாயிட்டேன்," என்றாள் வெல்மூட். நாற்காலியைவிட்டு இறங்கி, அதனைக் கம்பத்துக்கு நேர் கீழே நகர்த்திப் போட்டு அமர்ந்தாள். "வீட்டுல ஒருத்தி பாஸானா கொடி பறக்கும். சூரியன் மறைஞ்சா எறக்கிடுவேன். அதுதானே வழக்கம்?"

"சூரியன் மறைஞ்சா எனக்கு வெளிச்சமே இருக்காதே!"

"அது ஒங்க கட்டமைப்புப் பிரச்சனை."

யோரிட் தலையைச் சொறிந்தார். ஒளிப்பதிவாளரோடு ஏதோ முணுமுணுத்தார். "சரி, எடுத்துடலாம். கொடியை அப்புறமா கம்ப்யூட்டர்ல அழிச்சுக்கலாம்."

"என்னையும் சேர்த்து அழிச்சிடுங்க," என்றாள் வெல்மூட். "எப்படின்னு தெரியலன்னா என் அக்காவைக் கேளுங்க. அவளுக்கு நல்லாப் பழக்கம்."

அந்தச் சமயத்தில் கொட்டகையில் தரம் பிரிக்கும் இயந்திரம் உறுமத் தொடங்கியது. ஒலிப்பதிவாளர் காதொலிப்பானைக் கழற்றி எறிந்தார். கதவு வழியாக ஸீமின் தலை தெரிந்தது. "மன்னிச்சுக்கங்க! இப்பத்தான் நேரம் கெடைச்சுது!" என்று கத்தினான். அவன் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. ஆயினும் அவளுடைய உதட்டோரம் ஒரு கணம் அசைந்தது.

ஃபென்னா தயங்கித் தயங்கி நாற்காலியின் அருகில் வந்தாள். காலையில் பலமுறை அந்தப் பையை எறிந்த கைகளைப் பின்னால் மறைத்திருந்தாள்.

"நீங்கதான் டீனாவா?"

"இல்லம்மா. நான் பாஸானவ."

அந்தப் பெண் கம்பத்தை ஏறிட்டுப் பார்த்தாள். பின்பு வாய்க்காலைப் பார்த்தாள். பின்பு வேலியருகில் நின்ற ஆஃப்கேவையும் பார்த்தாள். அவள் முட்டாள் அல்லள். வலக்கையை முன்னால் கொண்டுவந்து நீட்டினாள். "வாழ்த்துகள்," என்றாள்.

அதன்பிறகு சாலை தன் வேலையைத் தானே செய்தது. கொடியும் பையும் தொங்கும் வீட்டைக் கண்டால் அந்தக் கரையில் யாருக்கும் கால் நகராது. முட்டைக்கோஸ் ஏற்றி வந்த டிராக்டர்க்காரன் வண்டியை நிறுத்தி, "செப்டம்பர்ல எவன்டா பாஸாகிறது?" என்று கூவினான். "நான்தான்! ரிசல்ட் கொஞ்சம் லேட்டு!" என்று வெல்மூட் பதிலுக்குக் கூவினாள். அவன் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனான்.

பின்னர் ஆலி வந்தாள். பத்தடி தூரத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து சைக்கிளில் வந்தாள்; நடந்து வந்தால் இறங்கி மரியாதை செய்ய முடியாதல்லவா? எங்கிருந்தோ ஒரு மஞ்சள் மழைக்கோட்டைத் தேடியெடுத்து அணிந்திருந்தாள். அது பழைய கோட்டு அன்று. ஆனாலும் மஞ்சள்.

"வாழ்த்துகள் வெல்மூட்," என்று அவள் கையைப் பற்றினாள். "இந்தத் தடவை மறக்க மாட்டேன்."

ஸீம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தான். "உன் பொண்டாட்டிக்காக வாழ்த்துகள், ஸீம்." "ரொம்ப நன்றி ஆலி." அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு முறைப்படி குலுக்கினான்.

அடுத்து ஆலி வேலிப்பக்கம் திரும்பினாள். ஆஃப்கே இரு கைகளையும் கோட்டுப் பைகளுக்குள் செருகி நின்றாள். அவள் ஓரடி பின்னால் வைத்ததை வெல்மூட் கண்டாள். அந்த அடியை அவள் அறிவாள். அன்றும் அதே வேலியருகில் அதே அடியை அவள் அக்கா பின்னால் வைத்தாள்.

"ஆஃப்கே," என்று ஆலி கையை நீட்டினாள். "உன் தங்கச்சிக்காக வாழ்த்துகள்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆலியின் கை அந்தரத்திலேயே நின்றது. வரிசையில் அவளுக்குப் பின்னால் டிராக்டர்க்காரனின் மனைவியும் வந்து சேர்ந்திருந்தாள்.

"இதைத்தான்," என்றாள் ஆஃப்கே. அவளுடைய குரல் கிழிந்திருந்தது. அது மேடைகளில் கேட்கும் குரல் அன்று. "இதைத்தான் என்னால தாங்க முடியல வெல்மூட். ஃபெயிலானதைக்கூடத் தாங்கிட்டேன். ஆனா ஊர்ல ஒருத்தர் விடாம வந்து என் கையைப் புடிச்சு, உன் தங்கச்சிக்காக வாழ்த்துகள், உன் தங்கச்சிக்காக வாழ்த்துகள்னு... நான் ஒவ்வொருத்தருக்கும் நன்றி சொன்னேன். எத்தனை பேருக்குத்தான் சொல்றது? பையைத் தூக்கிட்டா வர்றது நின்னுடும்னு நெனச்சேன்."

வெல்மூட் தன் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"அதை எழுதியிருந்தா," என்றாள், "நல்ல புத்தகமா இருந்திருக்கும்."

வெயில் ஆஃப்கேவின் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அவள் வலக்கையைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுத்து, ஆலியின் கையைப் பற்றினாள்.

"நன்றி," என்றாள்.

"சத்தமாச் சொல்லு," என்றாள் வெல்மூட். "ஆலிக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம்."

"எனக்கு நல்லாத்தான் கேக்குது," என்றாள் ஆலி. பின்பு வெல்மூட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, மந்தம்தான்," என்றாள்.

"என் தங்கச்சிக்காக... நன்றி, ஆலி." ஆஃப்கே இம்முறை உரக்கச் சொன்னாள். டிராக்டர்க்காரனின் மனைவி முன்னால் வந்து கையை நீட்டினாள். அவளுக்கும் சொன்னாள். படத்துக்குரிய பொருள்களைக் கவனிக்கும் பெண், என்ன நடக்கிறது என்று முழுவதும் புரியாமலே, வரிசையில் வந்து நின்றாள். அவளுக்கும் சொன்னாள்.

வெல்மூட்டின் நெஞ்சு ஆறவில்லை. ஆறும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. வெறுமனே அமர்ந்து, ஒவ்வொரு நன்றியையும் தனக்குரியதாகக் கேட்டுப் பெற்றுக்கொண்டாள்.

வயல்களுக்கு அப்பால் சூரியன் அமிழ்ந்தது. யோரிட் விளக்குகளை அணைக்கச் சொன்னார். "நாளைக்கு இதே நேரத்துல எடுத்துக்கலாம்," என்றார், யாரையும் பார்க்காமல். "அந்த மன்னிக்கிற வசனத்தைப் பத்தி நாம கொஞ்சம் பேசணும், ஆஃப்கே."

வெல்மூட் எழுந்து நாற்காலியின் மேல் ஏறினாள். கொடியை இறக்கி, ஓரங்களைச் சரிபார்த்து, ஒழுங்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"பை?" என்று பின்னாலிருந்து ஆஃப்கே கேட்டாள். "பையை எடுக்கல?"

வெல்மூட் நிமிர்ந்து பார்த்தாள். அது கம்பத்து நுனியில் கனமாக, கறுத்து, இன்னும் ஓரிரு துளிகளைச் சொட்டிக்கொண்டு தொங்கியது.

"சூரியன் மறைஞ்சா கொடியைத்தான் எறக்கணும்," என்றாள். "பையைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.